மூச்சைக் கவனிக்கச் சொல்லும் முன்: புதிய ஆலோசகர்கள் செய்யும் தவறுகள்

தாமதமாக வருவது, செல்போனை அணைக்காதது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை அப்படியே கவனிக்கும் பயிற்சியை முடித்துவிட்டு ஆலோசனை அறைக்குள் நுழையும் புதியவர்கள் வருடா வருடம் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எல்லோரிடமும் "கண்ணை மூடுங்க, மூச்சைக் கவனிங்க"

எதிரே இருப்பவருக்கு அடிக்கடி பேனிக் அட்டாக், அதாவது திடீரெனத் தாக்கும் பீதி. பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே ஆலோசனைக்கு வந்திருக்கிறார். அவருக்குப் பயமே மூச்சின் மேல்தான். கவனிக்கக் கவனிக்க மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறி வேகம் கூடும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனி மரத்துப்போய், தலை கிறுகிறுத்து, முந்தானை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அப்போதும் "வர்றதை அப்படியே கவனிங்க" என்று தொடர்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது. அந்தம்மா மறுபடி வருவது சந்தேகம்தான்.

வன்முறைக்கு ஆளானவர் என்றால் இன்னும் மோசம். கண்ணை மூடியதும் பழைய காட்சி எழலாம்; ஆள் அப்படியே உறைந்தும் போகலாம். அந்த அசைவின்மையைத் தியானம் கைகூடிவிட்டது என்று எண்ணிப் பூரிப்பவர்களும் உண்டு.

எனவே பீதி, விபத்து, வன்முறை, தற்கொலை எண்ணம் எல்லாவற்றையும் முதலில் கேட்டுவிடுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். பார்வை நாலடி தள்ளித் தரையில். கவனம் தரையில் பதிந்த பாதத்தில், அல்லது வெளியே கேட்கும் சத்தத்தில். ஷேர் ஆட்டோ ஹாரனும் இதற்கு உதவும். முதல் தடவை ஒரு நிமிடம் போதும். "எப்ப வேணும்னாலும் கையைத் தூக்குங்க, நிறுத்திரலாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பார்வை நிலைகுத்தினாலோ பதில் தாமதமானாலோ உடனே நிறுத்துங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அறையில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்ல வைத்து, எழுந்து நடக்க விடுங்கள்.

45 நிமிட வீட்டுப்பாடம்

1979-இல் ஜான் கபட்-ஜின் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் திட்டத்தில் தினமும் செய்யச் சொல்லும் அளவு அது. விடியுமுன் மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவருக்கு அதையே கொடுத்தால், செய்யாமலே "செஞ்சேன் சார்" என்பார். மூன்று நிமிடம் கொடுங்கள்: மொட்டைப் பறிக்கையில் விரலில் படும் ஈரத்தைக் கவனித்தால் போதும்.

"ரிலாக்ஸ் ஆச்சா?"

கேட்காதீர்கள். "என்ன கவனிச்சீங்க?" என்று கேளுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

அது மனநல மருத்துவரின் வேலை.

குரலுக்கு மதிப்பெண்

இது புதிய ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு. மென்மையான குரலில் தாளைப் பார்த்துப் படிக்க யாராலும் முடியும். திறமை தெரிவது பயிற்சிக்குப் பிறகான உரையாடலில்தான். ஒப்புதல் பெற்று அதைப் பதிவு செய்து, ஆலோசகர் எந்த இடத்தில் கேட்பதை விட்டுவிட்டு அறிவுரைக்குத் தாவினார் என்று அவரோடு உட்கார்ந்து கேளுங்கள்.