வீட்டில் கிடக்கும் பழைய கடதாசி எந்த அச்சில் வந்தது? கண்டுபிடிக்கும் வழி

மட்டக்களப்பில் ஒரு பழைய வீட்டுப் பெட்டகத்தையோ அலுமாரியின் மேல்தட்டையோ துப்புரவாக்கத் தொடங்கினால் என்னென்னவோ வெளியே வரும். கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழா நோட்டீஸ், பாடசாலை மலர், யாரோ ஒருவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலர், அட்டை கிழிந்த பஞ்சாங்கம். 1978 நவம்பர் சூறாவளிக்கும் 2004 சுனாமிக்கும் தப்பியவை இவை, எரிக்க முதல் ஒரு தடவை பாருங்கள். பலவற்றில் ஆண்டு இருக்காது. ஆனால் எந்த முறையில் அச்சடித்தார்கள் என்று தெரிந்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம், அதற்கு ஒரு டோர்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும்.

முதலில் தாளைத் திருப்புங்கள். எழுத்து இருக்கும் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், விஷயம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சைத் தாளோடு படுக்க வைத்தாற்போல் சாய்த்து அடியுங்கள். எழுத்துகள் பின்பக்கம் மெல்லப் புடைத்துத் தெரிந்தால், விரலிலும் அது தட்டுப்பட்டால், அது ஈய எழுத்தில் அடித்தது. 1450களில் குட்டன்பேர்க் மைன்ஸ் நகரில் செய்துகாட்டிய அதே அடிப்படைதான்: ஈயம், வெள்ளீயம், அன்டிமனி கலந்து வார்த்த தனித்தனி எழுத்துகளைக் கோத்து, மை பூசித் தாளில் அழுத்துவது. 1578இல் கொல்லத்தில் வந்த தமிழ்ப் புத்தகமும், ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய அச்சகமும், நம் ஊர்களில் காலால் மிதித்து ஓட்டிய ட்ரெடில் மெஷினும் இந்த ஒரே வழியில் வந்தவைதான். எண்பதுகள் தாண்டியும் சிறிய அச்சகங்களில் இது ஓடியது, ஆகவே புடைப்பைக் கண்டதும் நூறு வருடப் பழசு என்று குதிக்க வேண்டாம்.

புடைப்புத் தெரியவில்லையா? உடனே கைவிடாதீர்கள். நம் கரையோர ஈரத்தில் வருடக்கணக்காக அடுக்கி வைத்த தாள் தட்டையாகிவிடும். அப்போது பூதக்கண்ணாடியை எடுங்கள். ஈய எழுத்தில் மை ஓரத்துக்கு நெருக்கப்படுவதால் எழுத்தின் விளிம்பு கறுத்தும் நடு கொஞ்சம் வெளிறியும் இருக்கும். அப்புறம் பிழைகளைத் தேடுங்கள், எனக்கு இதில்தான் அதிக ருசி. தமிழுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அச்செழுத்துகள் தேவை, சிறிய அச்சகத்தில் ஒவ்வொன்றும் அளவாகத்தான் இருக்கும், ஒரு பக்கத்தை அடித்து முடித்ததும் பிரித்து மறுபடி கேஸில், அதாவது எழுத்துப் பெட்டியில், போட்டுத்தான் அடுத்த பக்கத்தைக் கோப்பார்கள். அதனால் ஒரே பக்கத்தில் நாலைந்து 'ன' ஒரு சாயலிலும் மற்றவை வேறு சாயலிலும் இருக்கும், புள்ளி தேய்ந்து 'க்' என்பது 'க' ஆகியிருக்கும், சில நேரம் ஓர் எழுத்து தலைகீழாகவே நிற்கும். கம்பியூட்டர் எழுத்தில் இந்தத் தலைகீழ் வராது.

எழுத்தின் உருவமும் உதவும். ணை, லை, ளை, னை ஆகியவை மேலே சுருண்ட பழைய கொம்போடும், ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் ஒட்டிய உருவத்திலும் இருந்தால் அது பழைய வரிவடிவம். இதை மாற்றி 1978இல் வந்த அரசாணை தமிழ்நாட்டினுடையது, இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. ஆக, பழைய கொம்பு இருப்பதால் மட்டும் 1978க்கு முந்தியது என்று எழுதிவிடக் கூடாது, சென்னைப் புத்தகம் என்றால் அது கொஞ்சம் பலமான சான்று.

ரோனியோவை மூக்காலேயே பிடிக்கலாம் என்பார்கள், நான் கண்ணைத்தான் நம்புவேன். மெழுகுத் தாளில் டைப்ரைட்டரால் அடித்து, அந்த வெட்டு வழியாக மையைத் தள்ளும் முறை இது. கடதாசி சொரசொரப்பாக இருக்கும், மையின் எண்ணெய் ஊறி எழுத்தைச் சுற்றி மஞ்சள் படர்ந்திருக்கும், 'ம' 'ட' எல்லாம் டைப்ரைட்டர் அளவில் ஒரே இடைவெளியில் நிற்கும். பழைய பரீட்சைத் தாள்கள், கூட்ட அறிவித்தல்கள் இப்படித்தான் வந்தன.

சாமிப் படம், கலண்டர் போன்ற வண்ணத் தாள் கையில் இருந்தால் எழுத்தை விட்டுப் படத்தைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் ஒழுங்கில்லாத, கையால் குத்தியதுபோன்ற சிறு புள்ளிகள் தெரிந்தால் கல்லச்சு. 1790களில் ஜேர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்ட வழி அது, எண்ணெய்ப் பசை மையை ஏற்க, ஈரமான கல் மையைத் தள்ளும். ரவி வர்மாவின் அச்சகம் பம்பாயில் 1894இல் இதைக் கொண்டுதான் சாமிப் படங்களை வீடு வீடாக அனுப்பியது. புள்ளிகள் வரிசையாக, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நாலும் சிறு வளையங்களாகச் சேர்ந்து நின்றால் அது ஓப்செட். அதுவும் எண்ணெய்–நீர் தத்துவம்தான், ஆனால் உலோகத் தகட்டிலிருந்து றப்பருக்கும் றப்பரிலிருந்து தாளுக்கும் போகும். அதனால் தாளில் அழுத்தமே விழாது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்து உடைந்திருக்கிறது, பழைய கொம்பு இருக்கிறது, ஆனால் பின்பக்கம் வழுவழுப்பு, ஒவ்வோர் எழுத்தின் கறுப்பும் ஒரே அளவு. அது பழைய புத்தகத்தைப் படமெடுத்து ஓப்செட்டில் போட்ட மறுபதிப்பு. முன்பக்கத்தில் 1930 என்று இருந்தாலும் தாள் அந்தக் காலத்தது அல்ல.

போட்டோக்கொப்பியும் லேசர் அச்சும் சுலபம். டோனர் என்ற மைத்தூள் தாளுக்குள் ஊறாமல் மேலே ஒட்டி நிற்கும், சாய்த்த வெளிச்சத்தில் மினுங்கும், மடிப்பில் உதிரும்.

எல்லாம் பார்த்த பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் தெருவும் இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஈழத்து நூல்களை மின்வடிவில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கோ வேறு யாருக்கோ ஸ்கேன் பண்ணக் கொடுப்பதாக இருந்தால் அட்டையையும் வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். லேமினேட் மட்டும் பண்ண வேண்டாம், சூட்டிலும் அழுத்தத்திலும் அந்தப் புடைப்பு போய்விடும், பிறகு அதைக் கழற்றவும் முடியாது.