வீட்டிலிருந்து பணிபுரிவோருக்குக் கணினி வசதி அமைக்கும்போது நானும் செய்த தவறுகள்

அண்மையில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இருவர், முப்பது ஊழியர்களை வீட்டிலிருந்து பணிபுரிய வைப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, ஏறக்குறைய அதே வரிசையில், அவர்களும் செய்தார்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி ஒட்டாதீர்கள், ஆன்டிவைரஸ் போடுங்கள் என்பவற்றை இங்கே எழுதப்போவதில்லை. விவரம் தெரிந்தவர்களும் இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

அலுவலக நெட்வொர்க்கை 192.168.1 என்றே விட்டுவைப்பது

ரூட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து இணைத்தவுடன், பெரும்பாலும் அது 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தானாகவே வழங்கத் தொடங்கிவிடும். அலுவலகத்தை முதலில் அமைத்தவர் அதை மாற்றியிருக்க மாட்டார். எல்லோரும் அலுவலகத்துக்கு வந்து வேலை பார்க்கும் வரை அதனால் தொல்லையும் இராது. ஊழியர் வீட்டிலிருந்து விபிஎன்னில் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குடன் இணைக்கும் பாதுகாப்பான தடம்) இணையும் நாளில்தான் வினை தொடங்கும், ஏனெனில் அவருடைய வீட்டு ரூட்டரும் அதே எண்களைத்தான் வழங்கியிருக்கும். கோப்பு சர்வரின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். வீட்டு நெட்வொர்க்கும் 192.168.1 என்று இருந்தால், சர்வர் அந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதாக மடிக்கணினி முடிவுசெய்து, விபிஎன் வழியே அனுப்ப வேண்டியதை வீட்டுக்குள்ளேயே அனுப்பித் தேடிக்கொண்டிருக்கும்.

கணக்குப் பிரிவில் பணியாற்றிய ஒருவர், விபிஎன் இணைந்திருப்பதாகவே காட்டுகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவில்லை என்றார். இரண்டு நாட்கள் நான் ஃபயர்வாலையும் அவருடைய அனுமதிகளையும் நோண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், சர்வரின் முகவரியை பிரவுசரில் அடித்து என்ன வருகிறதென்று சொல்லுங்கள் என்றேன். “சார், மை எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிறது” என்றார். அவர் வீட்டுப் பிரிண்டருக்கும் அதே முகவரி.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய தவறு. அலுவலக எண்ணை மாற்றுவதற்குப் பதிலாக, வீட்டு ரூட்டரின் எண்ணை மாற்றிக்கொள்ளும்படி இருபது பேருக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்தேன். ஒருவர் வீட்டில் இணையமே நின்றுபோனது. அது வேலை நேரத்தில் நடந்ததால் அவர் குடும்பத்தாரின் கோபத்தையும் நானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இறுதியில் ஒரு வார இறுதி முழுவதும் செலவழித்து அலுவலக முகவரிகளை மாற்றினோம். மாற்றுவது கடினமாக இல்லை. பழைய எண் எங்கெல்லாம் எழுதப்பட்டிருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்: ஸ்கேனர் கோப்பை அனுப்பும் இடத்தில், வருகைப்பதிவுக் கருவியில், கணக்கு மென்பொருளின் அமைப்பில், யாரோ எப்போதோ எழுதிய எக்ஸெல் மேக்ரோவில். இத்தனையும் சொன்ன பிறகும் அந்த இருவரும், இப்போதைக்கு இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றபோது எனக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. நானும் அன்று அதையேதான் சொல்லியிருந்தேன்.

தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய நடைமுறை ஆவணம் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என மூன்று தொகுதிகளை ஒதுக்கியிருக்கிறது. 10இல் தொடங்கும் தொகுதியிலிருந்து 10.87.40 போன்ற, யாருக்கும் எளிதில் தோன்றாத ஒன்றை எடுங்கள். 10.0.0 வேண்டாம், அதையும் சில வீட்டு ரூட்டர்கள் பயன்படுத்துகின்றன. ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்பதையும், பழைய ஆண்ட்ராய்டு கைபேசிகள் 192.168.43 என்பதையும், டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து இயக்கும் மென்பொருள்) 172.17 என்பதையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் அவற்றையும் தவிருங்கள். சர்வரை எங்கும் எண்ணால் குறிப்பிடாமல் பெயரால் மட்டுமே குறிப்பிடுங்கள். உடனே மாற்ற முடியாவிட்டால், சர்வரின் ஒற்றை முகவரிக்கு மட்டும் விபிஎன் வழியாகத் தனி வழித்தடம் கொடுக்கலாம்; ஆனால் இணைப்பில் இருக்கும் வரை, வீட்டில் அதே எண்ணுள்ள கருவியை அந்த மடிக்கணினியால் எட்ட முடியாது.

வீடியோ அழைப்புகளையும் அலுவலகம் வழியே இழுப்பது

வீடியோ அழைப்பில் இருக்கும் ஒருவருக்கு நொடிக்கு 2 மெகாபிட் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 40 பேருக்கு 80 மெகாபிட் ஆகிறது. எல்லாப் போக்குவரத்தும் விபிஎன்னுக்குள் சென்றால், அந்த 80 அலுவலக இணைப்புக்குள் வந்து, அதே இணைப்பு வழியாகத் திரும்ப வெளியேற வேண்டும். அலுவலக சர்வர்களுக்கானதை மட்டும் விபிஎன்னில் அனுப்பிவிட்டு, வீடியோவை ஊழியரின் வீட்டு இணைப்பிலேயே நேராகப் போகவிடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்

அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் இணைப்பு வாயிலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கும் வேண்டாம், எண்ணை மாற்றியும் வேண்டாம்.

முதல் உள்நுழைவை வீட்டில் செய்யச் சொல்வது

டொமைனில் (நிறுவனத்தின் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்த்த மடிக்கணினியில் ஒருவர் முதன்முறை உள்நுழையும்போது, அது கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரைத் தொடர்புகொண்டாக வேண்டும். விபிஎன்னோ பெரும்பாலும் உள்நுழைந்த பிறகுதான் இணையும். ஆகவே கணினியைக் கொடுத்தனுப்பும் முன் ஊழியரை அலுவலகத்திலேயே ஒருமுறை உள்நுழையச் செய்யுங்கள், அல்லது உள்நுழைவுக்கு முன்பே இணையும் விபிஎன்னை வையுங்கள். கடவுச்சொல் குறிப்பிட்ட நாட்களில் காலாவதியாகும் ஏற்பாடும் இதே சிக்கலைப் பின்னர் கொண்டுவரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 2019இல் அதைத் தன் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து நீக்கிவிட்டது.

மீட்புச் சாவி

விண்டோஸில் டிரைவைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைப் பிடிஎஃப்பாக அச்சிட்டு, பூட்டிய அதே டிரைவில் வைத்திருந்தவரைப் பார்த்திருக்கிறேன். நிர்வாகக் கணக்கில் அது பதிவாகியிருப்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

கைபேசி மாறும் நாள்

இரட்டைச் சரிபார்ப்புச் செயலியைப் போட்டுக்கொடுத்த அன்றே கைபேசி இல்லாதபோது உள்நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளையும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கைபேசி தொலைந்துவிட்டது, புதிதாகப் பதிவுசெய்து தாருங்கள் என்று வரும் அழைப்பு உண்மையில் அந்த ஊழியரிடமிருந்துதான் வருகிறதா என்பதை எப்படி உறுதிசெய்வீர்கள் என்பதையும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். அவருடைய மேலாளரை வீடியோ அழைப்பில் சேர்த்து முகத்தை அடையாளம் காட்டச் சொல்வதே என் வழக்கம்.