ஹரிகேன் மொடலுக்கு ஷேடிங் குடுக்கிற முறை

1942 ஏப்ரல் 5 ஜப்பான் விமானங்கள் கொழும்புக்கு வந்தப்போ ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையில இருந்து எழும்பின ஹரிகேன் எண்ட பிரிட்டிஷ் சண்டை விமானம் இருக்கே, அதின்ட 1/72 அளவு (நிஜத்தில 72இல ஒரு பங்கு) மொடல் கிட்டைக் கட்டி ஒரே பச்சையா பெயின்ட் அடிச்சா விளையாட்டுச் சாமான் மாதிரித்தான் தெரியும். முதல்ல பேனல் கோடுகள் (தகடுகள் சேருற இடத்துக் கோடுகள்) வழியா கறுப்பை மெல்லிசா அடிங்க, கோணினாலும் பரவாயில்ல, காஞ்ச பிறகு மேல் கலரை நல்லாத் தண்ணியாக்கி எயார்பிரஷ்ல (காத்தால பெயின்ட் தூவுற கருவி) கொஞ்சம் கொஞ்சமா அடிச்சிட்டு கறுப்பு லேசாத் தெரியேக்கையே நிப்பாட்டிடுங்க, அந்த நிறுத்தம்தான் முழு வேலையும். பிறகு அதே பச்சையில துளி மஞ்சள் கலந்து ஒவ்வொரு பேனலுக்கும் நடுவில மட்டும் அடிங்க, வெள்ளை கலந்தா சுண்ணாம்பு பூசின மாதிரி ஆகிடும்.

ஒண்டு கவனிக்கணும், ஹரிகேன்ட பின் உடம்பு துணி போர்த்தினது, அங்க பேனல் கோடே இல்ல, அதால கறுப்புக் கோடு போடாதீங்க, நீளமா ஓடுற மேடுகளுக்கு இடையில லேசா நிழல் போதும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுடுறாங்க.

எஞ்சின் புகைக்கறைக்கு கறுப்பு பாஸ்டல் சோக்கை உரசின தூளைத் தடவுங்க. கடைசியா மேல அடிக்கிற லாக்கர் (வார்னிஷ் மாதிரி) கோட் மழை நாள்ல வேணாம், ஈரப்பதத்தில பால் மாதிரி வெளுத்திடும்.