பஸ்ஸுக்குத் தனி நிறம் அடிப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தடத்துக்குத் தனி நிறமும் தனிப் பெயரும் கொடுத்து ஓட்டினால் பயணிகளுக்கு அடையாளம் எளிது, கூட்டமும் சேரும். யோசனை நல்லதுதான். ஆனால் பல நகரங்களில் இந்த வேலை விளம்பரப் பிரிவின் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. எந்த பஸ் எந்தத் தடத்துக்குப் போகும் என்று தினமும் காலையில் முடிவு செய்கிற டெப்போவிடம் யாரும் கேட்பதில்லை.

பெரிய தவறு, பஸ்களை எண்ணுவதில் நடக்கிறது. போய்த் திரும்ப, முனையில் நிற்கும் நேரமும் சேர்த்து 120 நிமிடம் ஆகிற ஒரு தடத்தை எடுத்துக்கொள்வோம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 12 பஸ் தேவை. சரி, 12-க்கும் நிறம் அடித்தாயிற்று. ஒன்று எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்று வாங்க, போய்விடும், இன்னொன்று விடிகாலையில் ஸ்டார்ட் ஆகாது. அந்த நடைக்குச் சாதாரண பஸ்ஸை அனுப்புவார்கள். நிறத்தை நம்பி நிற்பவர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார். அவசரத்துக்கு மாற்றாக நிறுத்திவைக்கும் ஸ்பேர் பஸ்ஸுக்கும் அதே நிறம் அடித்தால்? அது சும்மா நிற்கிற நாளில் வேறு தடத்துக்குக் கிளம்பிவிடும். டெப்போக்காரர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கேயும் ஜனம் காத்திருக்கிறதே. சாலையைத் தோண்டிப்போட்டு 120 நிமிடம் 150 ஆகிவிட்டால் அதே இடைவெளிக்கு 15 பஸ் வேண்டும். அந்த 3 பஸ்ஸுக்கு எங்கே போவது?

இதோடு சேர்ந்தது, சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிப்பது. 4 தடம், தடத்துக்கு 6 பஸ் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்பேர் வைத்தால் 4 பஸ் முடங்கும். 24-ஐயும் ஒரே நிறத்தில் ஓட்டினால் 2 அல்லது 3 ஸ்பேரில் சமாளிக்கலாம். ஆகவே தடத்துக்கு ஒரு நிறம் என்பதைவிட, ஒரே சாலையில் ஓடும் தடங்களுக்குச் சேர்த்து ஒரு நிறம் என்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது, ஒரு நிறத்தின் தலையில் இரண்டு அர்த்தத்தை ஏற்றுவது. இதைத் தவிர்த்த தென் கொரியத் தலைநகர் சோல், 2004 ஜூலை 1-ஆம் தேதி பஸ் ஏற்பாட்டையே மாற்றியபோது, நீலம் நகரைக் கடக்கும் முக்கியத் தடம், பச்சை இணைப்புத் தடம், சிவப்பு புறநகர் விரைவு, மஞ்சள் சுற்றுத் தடம் என்று பிரித்தது. எண்ணிலும் கணக்கு உண்டு: நீல 143 என்றால் 1-வது மண்டலத்திலிருந்து 4-வது மண்டலத்துக்குப் போகும் பஸ், கடைசி 3 வரிசை எண். ஆனால் எண், நிறம், தடம், கட்டண அட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியதால் முதல் நாள் ஒரே குழப்பம். அட்டை இயந்திரங்களும் படுத்துவிட, மேயர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நிறத்துக்கு ஒரே அர்த்தம் கொடுத்த ஏற்பாடு பிறகு நிலைத்தது.

சென்னையில் நிறம் கட்டணத்தைச் சொல்கிறது. 2021 மே மாதம் ஒயிட் போர்டு பஸ்களில், அதாவது சாதாரணக் கட்டண பஸ்களில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. எது அந்த பஸ் என்று தூரத்திலேயே தெரியட்டும் என்று 2022-ல் முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். இதன் மேல் இன்னொரு நிறத்தைத் தடத்துக்காகச் சேர்த்தால், ஓடிவந்து ஏறுகிறவர் எதைப் பார்ப்பார்? இங்கே தடத்துக்கு எண் போதும்.

எனக்குக் கோபம் வருகிற தவறு தாழ்தள பஸ் விஷயத்தில். சக்கர நாற்காலிப் படம் போட்டு ஒரு தடத்தை அறிவித்துவிட்டு, பிரேக்டவுன் ஆன நாளில் சுமார் 900 மி.மீ. உயரத் தளமுள்ள பஸ்ஸை அனுப்பினால் ஒருவர் ஏறவே முடியாது. நிறம் மாறினால் குழப்பம்தான். இது பயணத்தையே ரத்து செய்வது. ஸ்பேர் குறைவாக இருந்தால் முதலில் இந்தத் தடத்துக்கே ஒதுக்க வேண்டும். முடியாதென்றால் எந்த நடைகளில் தாழ்தள பஸ் உறுதி என்று நேரம் போட்டு அறிவிப்பது நேர்மை.

‘10 நிமிடத்துக்கு ஒரு பஸ்’ என்று பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதவே வேண்டாம். அட்டவணை மாறும், பெயின்ட் மாறாது. அப்புறம், அழகாக நிறம் அடித்த பஸ்ஸின் மேலேயே முழு நீள நகைக்கடை விளம்பரத்தை ஒட்டிவிடுவது. விளம்பர ஒப்பந்தத்தில் எந்தப் பகுதியை மறைக்கக் கூடாது என்று முன்பே எழுதிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.