சர்ஃப் பலகையில் ஓவியம் தீட்டுவோர் கவனத்துக்கு

கடலலைமேல் நின்று சறுக்கும் சர்ஃப் பலகையில் தாமே ஓவியம் தீட்ட விரும்புவோர், முதலில் கால் வழுக்காமலிருக்க அதில் பூசிய பழைய மெழுகை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் ஓரிடத்தில் எஞ்சியிருந்தாலும் அங்கு வண்ணம் பிடிக்காது. பிறகு 400 எண் உப்புத்தாளால், பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் பேனாக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு நிறம் காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொட்டால் கோடுகள் கலங்காமல் நிற்கும். கடைசியில் நிறமற்ற அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். ஒரே மூச்சில் தடிமனாக அடித்தால் மை இளகி வழிந்துவிடும்.

நிறத் தேர்வில் கூடுதல் கவனம் தேவை. கறுப்பும் கருநீலமும் வெயிலை உறிஞ்சிப் பலகையைச் சூடாக்குவதால், மேற்புற மெழுகு உருகுவதோடு, உள்ளே இருக்கும் நுரையிலிருந்து கண்ணாடியிழை உறை பிரிந்து குமிழியிடவும் கூடும். உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன் (தெர்மாகோல் வகை) நுரை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். எனவே அடர் நிறங்களை மெல்லிய கோடுகளுக்கும் அடிப்பகுதிக்கும் மட்டும் பயன்படுத்தி, ஏறி நிற்கும் பரப்பை வெளிர் நிறத்திலேயே விட்டுவிடுங்கள்.