ராமானுஜனும் ஸ்டாண்ட்-அப் காமெடியும்: வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டிமன்றமும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த ஊர் சென்னை. மேதைகளின் வாழ்க்கையை ஸ்டாண்ட்-அப் காமெடியாக, அதாவது தனியாக நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசும் பேச்சாக, வகுப்பில் சொல்லிப் பார்க்கலாமே என்று இங்கே ஓர் ஆசிரியருக்குத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். '1887, ஈரோட்டில் பிறந்தார்' என்று ஒப்பித்துக்கொண்டே நடுநடுவே கடி ஜோக்கைச் செருகுவார்கள். பையன்களுக்கு ஜோக் நினைவிருக்கும், மேதை என்ன யோசித்தார் என்பது இருக்காது.

ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் தன் வயது சுமார் 23 என்கிறார். உண்மையில் அப்போது அவருக்கு 25. முடிவிலித் தொடர்களை அநாயாசமாகக் கையாளும் மனிதருக்குச் சொந்த வயதில் ஒரு 'சுமார்'! இதற்கு மேல் நீங்கள் ஜோக் எழுத வேண்டாம், கடிதத்தை நிதானமாக வாசித்தாலே போதும்.

பிப்ரவரியில் எழுதிய அடுத்த கடிதம் இன்னும் ருசி. 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால், தன் கோட்பாட்டின்படி விடை மைனஸ் 1/12 என்கிறார். இதைச் சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வழி காட்டுவீர்கள் என்று அவரே சேர்த்தும் கொள்கிறார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை அப்போதே இருந்தது. நம்மூர் காமெடியனுக்கு இங்கே நாக்கு நமநமக்கும்: "கீழ்ப்பாக்கம் பஸ் எங்க நிக்கும்?" சிரிப்பு வரும், சந்தேகமில்லை. ஆனால் கணக்கு அந்தச் சிரிப்போடு போய்விடும், மனநோயாளிகளைக் கிண்டலடித்ததுதான் மிச்சம். அதை விட்டுவிட்டு, "எல்லாமே பிளஸ், எல்லாமே முழு எண். மைனஸ் எங்கருந்துடா வந்துச்சு? பின்னம் எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். அந்தக் கேள்விதான் பஞ்ச். இது சாதாரணக் கூட்டல் இல்லை, கூட்டி முடிக்க முடியாத தொடருக்கு வேறு வழியில் ஒரு மதிப்பு தரும் முறை என்பதை அப்புறம் சொல்லியே ஆகவேண்டும். இல்லையென்றால் தெரிந்த கூட்டலையும் மறந்துவிட்டுத்தான் பையன் வீட்டுக்குப் போவான்.

அதே ராமானுஜனை 'அவா, இவா' என்று பேச வைப்பது இன்னொரு சபலம். அரங்கம் சிரிப்பது பாஷையைப் பார்த்து, அவரைப் பார்த்து அல்ல. சாதிப் பேச்சை மிமிக்ரி செய்யாமலே நல்ல செட் (ஒரு தடவை மேடையேறிப் பேசும் தொகுப்பு) எழுதலாம்.

கேலி எவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்கு ஏதென்ஸைப் பாருங்கள். கி.மு. 423-இல் அரிஸ்டோபனீஸின் 'மேகங்கள்' நாடகம் சாக்ரடீஸை ஒரு கூடையில் உட்கார்த்தி அந்தரத்தில் தொங்கவிட்டது. காசு வாங்கிக்கொண்டு குதர்க்கம் கற்றுத்தருபவராகவும் காட்டியது. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதியதைப் பார்த்தால் சாக்ரடீஸ் யாரிடமும் கட்டணம் வாங்கியவரே இல்லை. கி.மு. 399-இல் வழக்கு மன்றத்தில் நின்றபோது, தன்மேல் படிந்த பழைய தப்பெண்ணத்துக்கு இந்த நாடகத்தையும் அவர் சுட்டுவதாகப் பிளேட்டோ எழுதுகிறார். 24 வருஷம் கழித்தும் அந்தக் கூடை இறங்கவில்லை.

சுவையாக இருக்கிறதே என்று புரளியைச் சொல்வதும் தவறுதான். ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் ஆகவில்லை. 15 வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர். திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியதால் பாரதி அங்கேயே இறந்துபோனார் என்பதும் அப்படித்தான். அடிபட்டவர் தேறி எழுந்து, ஈரோடு போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்ற தலைப்பில் பேசிவிட்டே வந்தார். 1921 செப்டம்பரில் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. புரளியைவிட நடந்ததுதான் நல்ல சரக்கு இல்லையா?

மனைவி ஜோக் வேண்டவே வேண்டாம். சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பியை வைத்து இரண்டாயிரம் வருஷமாகச் சொல்லிப் புளித்துவிட்டது.

ஒரு செட்டுக்கு ஒரு மேதை, ஒரு சம்பவம், பத்து நிமிஷம். பீரியடில் மீதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். ராமானுஜன் என்றால், "சார், அவரே எஃப்.ஏ. பரீட்சையில் ஃபெயிலாமே?" என்று கடைசி பெஞ்சிலிருந்து நிச்சயம் வரும். (எஃப்.ஏ. என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய அந்தக் காலக் கல்லூரித் தேர்வு.) ஆமாம், பச்சையப்பன் கல்லூரியில் படித்தபோது, கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் என்று முழுசாகச் சொல்லுங்கள். 'ஃபெயிலானதால்தான் மேதை ஆனார்' என்று பஞ்ச் வைத்தால், மறுநாள் காலை பெற்றோர் பள்ளி வாசலில் நிற்பார்கள்.