எம்ஜிபி கியர்பாக்ஸ் ஆயில் நம்மளே மாத்துறது எப்படி (கியர் ஆயில் டின்னைத் தொடாதீங்க)

பெங்களூருல பழைய எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்க கொஞ்ச பேர்தான், ஆனா அவங்கள்ல நிறைய பேர் கேக்குறது ஒரே கேள்வி, செகண்ட் கியர் போடும்போது கர்ர்ருன்னு சத்தம் வருது, பாக்ஸை இறக்கணுமான்னு. அதுக்கு முன்னாடி உள்ள என்ன ஆயில் ஓடுதுன்னு பாருங்க. பாதி கேஸ்ல ஜேசி ரோடு ஸ்பேர் கடைல வாங்கின, 80டபிள்யூ-90 கெட்டியில ஜிஎல்-5 ரக கியர் ஆயில்தான் உள்ள இருக்கும், ஏன்னா மெக்கானிக் கிட்ட கியர்பாக்ஸ் ஆயில்னு சொன்னா அவர் எடுத்து ஊத்துறது அதைத்தான், அவர் மேல தப்பு சொல்லவும் முடியாது, மத்த எத்தனையோ வண்டிக்கு அப்படித்தானே.

ஆனா எம்ஜிபி (1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்து அபிங்டன்ல செஞ்ச வண்டி) பெரும்பாலான ஹேண்ட்புக்ல கியர்பாக்ஸுக்கு சொல்றது இன்ஜின் ஆயில், 20டபிள்யூ-50. ஆமா, இன்ஜினுக்கு ஊத்துற அதே ஆயில். உங்க வருஷத்து ஹேண்ட்புக்கை ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டு வாங்குங்க. 90ங்கிற நம்பரைப் பாத்து அது ரொம்ப கெட்டின்னு நினைக்க வேணாம், கியர் ஆயிலுக்கு நம்பர் போடுற கணக்கு வேற, 90 கியர் ஆயில் சூட்டுல கிட்டத்தட்ட 40, 50 இன்ஜின் ஆயில் அளவு கெட்டிதான். பிரச்சனை அதுல கலந்திருக்கிற கந்தகம், பாஸ்பரஸ் கெமிக்கல்ல. அது பின் ஆக்ஸில்ல இருக்கிற ஹைபாய்ட் பல்லுக்கு (ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உரசுற வளைஞ்ச கியர் பல்) அவசியம், அங்க அதையே ஊத்துங்க. கியர்பாக்ஸ்ல சின்க்ரோ ரிங் (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தை சமமாக்குற வளையம்) பித்தளை வகை உலோகம், சூட்டுல அந்த கெமிக்கல் அதை அரிக்கலாம். இப்ப வர்ற ஜிஎல்-5 ஆயில் சிலது அரிக்காதுன்னே வெச்சுக்குங்க, ஆனா சின்க்ரோ ரிங் கோனைப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சாதான் கியர் சத்தமில்லாம விழும், ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினா பிடிக்காது, கர்ர்ருதான். ஓவர்டிரைவ் (வேகமா ஓடும்போது இன்ஜின் சுத்துறதைக் குறைக்க கியர்பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கிற கூடுதல் யூனிட்) இருக்கிற வண்டின்னா இன்னும் மோசம், ஏன்னா ஓவர்டிரைவும் அதே ஆயில்லதான் ஓடுது, அதுக்குள்ள இருக்கிற கோன் கிளட்சும் உரசிப் பிடிச்சாதான் வேலை செய்யும்.

20டபிள்யூ-50 கிடைக்குமான்னு கவலையே வேணாம், பழைய புல்லட்டுக்கு ஊத்துறது அதானே, எந்த ஆயில் கடையிலயும் இருக்கும். நாலு கியருக்கும் சின்க்ரோ இருக்கிற பாக்ஸுக்கு சுமார் 3 லிட்டர், ஓவர்டிரைவ் இருந்தா 3.4 லிட்டர். நாலு லிட்டரா வாங்கிடுங்க. டிரெயின் பிளக்குக்கு புது வாஷர், நீளமான ட்யூப் வெச்ச ஃபனல், பழசைப் பிடிக்க அகலமான டப்பா. ஸ்பேனர் இஞ்ச் சைஸ்ல வேணும், ஏஎஃப் செட்டு. கிட்டத்தட்ட சேருதேன்னு எம்எம் ஸ்பேனரைப் போட்டு பிளக்கோட முனையை உருட்டி விட்டுடாதீங்க, பழைய பிளக், திரும்ப தேடுறது பெரிய அலைச்சல்.

ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஹெப்பால் தாண்டி ஏர்போர்ட் ரோட்ல ஒரு ரவுண்டு நல்லா ஓட்டிட்டு வாங்க, நின்ன இடத்துல ஐடிலிங்ல விட்டா இன்ஜின்தான் சூடாகும், பாக்ஸ் ஆகாது. சூடா இருந்தாதான் அடியில தங்குன தூளும் சேந்து வெளிய வரும். அப்பறம் வண்டியை சமமா நிறுத்தணும், இது முக்கியம், முன்னாடி மட்டும் தூக்கினா லெவல் தப்பா காட்டும். அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்ல தரை தண்ணி ஓடுறதுக்காக சாய்வா இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, டோர் கீழ இருக்கிற பாடி விளிம்புல ரசமட்டம் வெச்சுப் பாருங்க. நாலு பக்கமும் ஸ்டாண்ட் போடுங்க. ஜாக்கி மட்டும் நம்பி கீழ படுக்கவே படுக்காதீங்க, தெரிஞ்ச கராஜ்ல பிட் இருந்தா அங்கயே கொண்டு போயிடுங்க.

கீழ போறதுக்கு முன்னாடி ஊத்துற வழி திறக்குதான்னு பாருங்க. இந்த வரிசையை மாத்தவே கூடாது, ஆயிலை வடிச்சதுக்கு அப்பறம் மேல மூடி சிக்கிடுச்சுன்னா வண்டி அங்கயேதான் நிக்கணும். நிறைய மாடல்ல டேஷ்போர்டுக்குக் கீழ டனல் கார்பெட்டைத் தூக்கினா ஒரு ரப்பர் மூடி, அதுக்குள்ள டிப்ஸ்டிக், அதான் ஊத்துற வழியும். கடைசி வருஷத்து வண்டிகள்ல டிப்ஸ்டிக் கிடையாது, பாக்ஸ் பக்கவாட்டுல பிளக் இருக்கும்.

இப்ப அடியில டிரெயின் பிளக்கைக் கழட்டுங்க, ஆயில் கையில சுடும், க்ளவுஸ் போட்டுக்குங்க. வர்ற ஆயிலை சும்மா கொட்ட விடாதீங்க, கொஞ்சம் விரல்ல எடுத்து வெயில்ல தேய்ச்சுப் பாருங்க. தங்கப்பொடி மாதிரி மினுக்குனா சின்க்ரோ ரிங் தேயுது, லேசா இருந்தா பரவால்ல, நிறைய இருந்தா கவனிக்கணும். சாம்பல் கலர்ல நைசான பசை வயசான எல்லா பாக்ஸ்லயும் இருக்கும். விரல்ல குத்துற மாதிரி இரும்புச் சில்லு வந்தா ஆயில் மாத்தி பிரயோஜனமில்ல, பல்லோ பேரிங்கோ உடையுது, பாக்ஸைத் திறந்துதான் ஆகணும். பால் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி. நாத்தம் வெச்சே ஜிஎல்-5 கண்டுபிடிச்சிடலாம், அழுகுன முட்டை மாதிரி கந்தக வாடை தூக்கும்.

ஓவர்டிரைவ் இருந்தா இன்னொரு வேலை. அதோட அடியில தனி தட்டு, உள்ள கம்பிவலை ஃபில்டர், டிரெயின் பிளக்கை மட்டும் கழட்டுனா அங்க இருக்கிற பழைய ஆயில் அப்படியே நிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி இன்ஜின் ஆஃப், இக்னிஷன் ஆன், டாப் கியர்ல போட்டு ஓவர்டிரைவ் சுவிட்சை பத்துப் பன்னெண்டு தடவை தட்டிடுங்க, உள்ள நிக்கிற பிரஷர் இறங்கிடும். ஃபில்டரை பெட்ரோல்ல கழுவி நல்லா காய வெச்சு மாட்டுங்க, நூல் விடுற துணியால துடைக்காதீங்க, பக்கத்துல யாரையும் சிகரெட் பத்த வைக்க விடாதீங்க.

வாஷர் மாத்தி பிளக்கை மாட்டுங்க, அளவா இறுக்குனா போதும், உடல் அலுமினியம். ஊத்துறது பொறுமையா, ட்யூப் வழியா மெதுவாதான் இறங்கும். டிப்ஸ்டிக்ல மேல் கோடு வரைக்கும், பக்கவாட்டு பிளக்னா ஓட்டை வழியா வழிய ஆரம்பிக்கிற வரைக்கும். அதுக்கு மேல ஊத்துனா ஆயில் கிளட்ச் பக்கம் கசிஞ்சு கிளட்ச் வழுக்கும். ஓவர்டிரைவ் வண்டியை கொஞ்சம் ஓட்டி, ஓவர்டிரைவையும் போட்டுப் போட்டு எடுத்துட்டு, நிறுத்தி திரும்ப லெவல் பாத்து டாப்அப் பண்ணுங்க, நிச்சயம் இறங்கியிருக்கும்.

பழைய ஆயிலை ராஜகால்வாய்ல ஊத்தாதீங்க தயவுசெஞ்சு, அது போய் சேர்றது பெள்ளந்தூர் மாதிரி ஏரிக்குத்தான், அந்த ஏரி நுரை பொங்கி தீயே பிடிச்ச கதை இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் சேர்த்து ரீசைக்கிளுக்கு அனுப்புற கராஜ்ல குடுத்துடுங்க. ரெண்டு மூணு நாள் வண்டி நிக்கிற இடத்துல அட்டை விரிச்சு சொட்டுதான்னு பாருங்க. ஜிஎல்-5 ரொம்ப நாள் ஓடுன பாக்ஸா இருந்தா கொஞ்சம் ஓட்டிட்டு இன்னொரு தடவை வடிச்சு புதுசு ஊத்துங்க, மூலையில ஒட்டுனது அப்பதான் போகும், செகண்ட் கியர் சத்தம் உடனே போகலன்னா அதுவரைக்கும் பாக்ஸை இறக்க அவசரப்படாதீங்க.